புலம்பெயர்வு ஆய்வில் யார் எதில் கெட்டிக்காரர்? ஆய்வேட்டுக்கு வழி கேட்கிறேன்

வடுவூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். சமூகவியல் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று கேட்டபோது யோசிக்காமல் "புலம்பெயர்வு" என்று சொல்லிவிட்டேன். வழிகாட்டி சிரித்தார். "அது தலைப்பு இல்லம்மா, சமுத்திரம். அதில் யார் யார் என்ன வேலை செய்திருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்.

பத்து நாளாக அந்த ஒரு பக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி எழுதுகிறார், ஒருவர் அகதிகளைப் பற்றி, இன்னொருவர் நூறு வருஷத்துக்கு முந்தைய கப்பல்களைப் பற்றி. எல்லோரையும் புலம்பெயர்வு ஆய்வாளர் என்றுதான் போட்டிருக்கிறது.

என் வீட்டைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு வழி சொல்ல வசதியாக இருக்கும். அப்பா 2007-லிருந்து சிங்கப்பூரில் கட்டட வேலை. பாட்டியின் அண்ணன் ஐம்பதுகளின் தொடக்கத்தில் மலாயாவுக்குக் கப்பலேறினார். இரண்டு கடிதத்தோடு சரி. சின்ன மாமா திருப்பூரில். எங்கள் ஊர் வயலில் இப்போது நாற்று நடுவது மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆட்கள். இதில் நான் யாரைப் படிக்க வேண்டும்?

---

கதவுதட்டி:

வா மக்களே. (கட்டிக்கொண்டு வந்த ஊரின் பழக்கம், அப்படித்தான் கூப்பிட வருகிறது.)

நான் பேராசிரியர் இல்லை. பேராசிரியர்களுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபின் ஒரு ஆய்வு நிறுவனத்தில் கள ஆய்வாளர் வேலை கிடைத்தது. படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. பயணப்படி ஆறு மாதம் கழித்து வரும், சில சமயம் வராது; அந்தக் கதை இங்கே வேண்டாம். இருபது வருஷத்தில் நாலு கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். மழைக்கு ஒதுங்கிய நாட்களில் அலுவலக அலமாரியில் இருந்த புத்தகங்களையும் விடவில்லை. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரு ஆய்வாளரின் பெயரைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது, இவர் எதை ஒன்று என்று எண்ணுகிறார் என்பதை. வீட்டையா, ஆளையா, கப்பல் சீட்டையா, அனுப்பிய பணத்தையா? அது தெரிந்தால் அவர் கண்ணுக்கு எது படும், எது படாது என்று பாதி பிடிபட்டுவிடும்.

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. "உங்க வீட்டிலேருந்து யாராவது வெளிநாட்டில் இருக்காங்களா?" என்று கேட்டேன். "யாரும் இல்லை" என்றார் அந்தம்மா. அவருக்குப் பின்னால் கொடியில் புலிப் படம் போட்ட வெளிநாட்டுக் கம்பளி தொங்குகிறது. ஜன்னல் கட்டையில், வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் டாங் குளிர்பானப் பொடி பாட்டில் நிறைய உளுந்து. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரே மெதுவாகக் கேட்டார்: "இதில் பேர் எழுதினா ரேஷன் கார்டை மாத்திடுவாங்களா?" மாற்ற மாட்டார்கள் என்று நம்பவைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் இரண்டு மகன்கள், ஒரு மருமகன் என்று மூன்று பேர் சவூதியிலிருந்து என் படிவத்தில் வந்து இறங்கினார்கள்.

பக்கத்து வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு மஸ்கட் போய்விட்டார்கள் என்று அந்தம்மாதான் சொன்னார். அவர்களுக்குப் படிவத்தில் இடமே இல்லை. பதில் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருந்தால்தானே கணக்கு? ஓரத்தில் "பூட்டிய வீடு" என்று எழுதிவிட்டு அடுத்த கதவுக்குப் போனேன்.

இப்படி வீட்டைக் கேட்டு எண்ணுகிற வேலையில் நம் பக்கத்துப் பெரிய பெயர்கள் கே. சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும். திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்திலிருந்து 1998-ல் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். முதல் தடவை ஏறத்தாழ 13 லட்சத்து 60 ஆயிரம் பேர் வெளிநாட்டில் என்று வந்தது. நின்றுவிடவில்லை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுத்தார்கள். 2013-ல் 24 லட்சம், 2018-ல் 21 லட்சம், 2023-ல் 22 லட்சம். இருபத்தைந்து வருஷம் விடாமல் எடுத்ததால்தான் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று இன்றைக்கு உட்கார்ந்து பேச முடிகிறது. தமிழ்நாட்டுக்கும் இதே முறையில் 2015-ல் 20,000 வீடுகளில் எடுத்தார்கள். இருதயராஜனோடு பெர்னார்ட் டி சாமி, சாமுவேல் ஆசீர் ராஜ் இருவரும் அதில் உண்டு. 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாட்டில் என்றது அந்தக் கணக்கு. போன நாடுகளில் உன் அப்பா இருக்கும் சிங்கப்பூர்தான் முதலிடம், 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். எண் வேண்டுமென்றால் இங்கே போ. பூட்டிய வீட்டை மட்டும் மறந்துவிடாதே. குடும்பத்தோடு கிளம்பியவர்கள் இந்த முறையில் நழுவிவிடுவார்கள்.

பொருளாதாரக்காரர்கள் வேறு ரகம். மைக்கேல் டொடாரோ கென்யாவின் நகரங்களைப் பார்த்து 1969-ல் ஒரு கேள்வி கேட்டார்: நகரத்திலேயே வேலையில்லாதவர்கள் குவிந்து கிடக்கும்போது கிராமத்து ஆள் ஏன் மூட்டையைக் கட்டுகிறான்? இன்றைக்குக் கிடைக்கும் கூலியைப் பார்த்து அவன் போகவில்லை, என்றைக்காவது கிடைக்கக்கூடிய கூலியைப் பார்த்துப் போகிறான் என்றார். அதில் கணக்குப் போடுகிறவன் தனி ஆள். எண்பதுகளில் ஓடெட் ஸ்டார்க் வந்து, முடிவெடுப்பது குடும்பம் என்றார். ஒரு மகன் வயலில், ஒருவன் திருப்பூரில், ஒருவன் கடல் கடந்து என்று பிரித்து வைத்தால், மழை பொய்த்தாலும் பனியன் ஆர்டர் நின்றாலும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து பணம் வரும். நீ உன் வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு ஸ்டார்க்தான் ஞாபகம் வந்தார்.

ஆனால் அவரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல். குடும்பம் முடிவெடுத்தது என்றால், அந்தக் குடும்பத்தில் யார் பேசினார்கள், யார் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்? நான் நிரப்பிய படிவங்களில் "முடிவெடுத்தவர்" என்ற கட்டத்தில் எப்போதும் ஒரு ஆண் பெயர் இருக்கும். இரண்டு பக்கம் தள்ளி "பணம் திரட்டிய வழி" என்ற கட்டத்தில் "மனைவி நகை, அடகு" என்று இருக்கும். இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்லி எங்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

பயிற்சி என்றதும் ஒன்று. பிறந்த ஊரைவிட்டு வேறு ஊரில் இருப்பவர்கள் எல்லோருமே கணக்கில் புலம்பெயர்ந்தவர்கள் என்று முதல் நாள் சொன்னார்கள். அம்பாசமுத்திரத்தில் பிறந்து தக்கலையில் வாழ்க்கைப்பட்ட நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே புலம்பெயர்ந்தவள் ஆனேன். விளையாட்டில்லை, 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் 45 கோடிக்கு மேல் புலம்பெயர்ந்தவர்கள், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் சொன்ன காரணம் கல்யாணம். வேலைக்காக என்றவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். கல்யாணம் என்று ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. போன இடத்தில் அவள் செங்கல் சுமந்தாளா, நாற்று நட்டாளா என்று தெரியாது. இந்த ஓட்டையை விடாமல் சுட்டிக்காட்டியவர்கள் டெல்லியில் இந்திராணி மஜும்தாரும் நீதாவும். பெண்கள் வளர்ச்சி ஆய்வு மையத்துக்காரர்கள்.

இந்தத் துறையின் கொள்ளுத்தாத்தா ராவென்ஸ்டைன். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் போர்த்துறைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். புலம்பெயர்வுக்கு விதி என்று ஒன்றும் கிடையாது எனப் புள்ளிவிவரக்காரர் வில்லியம் ஃபார் சொன்னது பொறுக்காமல், பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கைக் கிளறி 1885-ல் "விதிகள்" எழுதினார். பெரும்பாலானவர்கள் பக்கத்திலேதான் போகிறார்கள். ஒரு பக்கம் ஆள் போனால் எதிர்ப்பக்கமும் ஆள் வரும். நாட்டுக்குள்ளே ஆணைவிடப் பெண்தான் அதிகம் நகர்கிறாள். தன் வாழ்நாளில் அம்பாசமுத்திரத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார், ஆனாலும் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்.

உன் வயலில் நாற்று நடுகிறவர்களுக்கு வா. அதற்கு யான் பிரெமன். டச்சுக்காரர், அறுபதுகளிலிருந்து தெற்கு குஜராத்தில் அதே கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனவர். அவர் பிடித்துக்கொண்ட புதிர் இது: பர்தோலி பக்கத்துக் கரும்பு வயலில் வெட்டுக்கு மகாராஷ்டிரத்துக் காந்தேசிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கூட்டி வருகிறார்கள், அதே நேரத்தில் உள்ளூர் ஹல்பதி கூலிகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். ஆள் பஞ்சம் என்றால் இது எப்படி? வெளியூர் ஆள் முன்பணம் வாங்கியவன், வயலோரத்திலேயே கிடப்பான், ராத்திரி எழுப்பினாலும் வருவான், சம்பளம் போதாது என்று வீட்டுக்குப் போய்விட முடியாது. ஊரில் "நம்ம ஆளுங்க வேலைக்கே வர மாட்டேங்கிறாங்க" என்று டீக்கடையில் பேசும்போதெல்லாம் எனக்கு பிரெமன் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் இதே முன்பணக் கதையைச் செங்கல் சூளைகளில் பார்த்தவர் இசபெல் கெரான், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தவர். உன் சின்ன மாமாவின் திருப்பூருக்கு கீர்ட் டி நெவ், கிரேஸ் கார்ஸ்வெல் இருவரும் இருக்கிறார்கள்.

வீட்டில் இருந்துவிட்டவர்களைப் பற்றி என்றால் லீலா குலாட்டி. கேரளத்தில் கணவன் வளைகுடாவுக்குப் போனபின் தனியாகக் குடும்பம் நடத்திய பெண்களோடு உட்கார்ந்து பேசி 1993-ல் புத்தகம் எழுதினார். 1998 கணக்கெடுப்பில் அப்படிப்பட்ட பெண்கள் கேரளத்தில் பத்து லட்சத்தை நெருங்கினார்கள். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் பிரெண்டா யோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், கடல் நடுவில் பிரிந்து கிடக்கும் குடும்பங்கள் என்று எழுதுகிறவர். பிலிப்பைன்சுக்கு ரேசல் பரேன்யாஸ். அங்கே அம்மாக்கள்தான் போகிறார்கள், அதனால் கதையே மாறிவிடுகிறது.

அகதி, கப்பல் இரண்டும் எனக்குத் தெரியாத பக்கம். தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

கொக்குவிலான்:

அகதிப் பக்கம் நான் கொஞ்சம் சொல்லலாம், தங்கச்சி. 86-இல் நோர்வேக்கு வந்தவன். அப்ப இங்கே மக்கள் உயர்பள்ளி என்ற ஒருவகைப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தால் மாணவர் விசாவில் வரலாம். மீன்பிடி ஊரொன்றில் பனிக்குள்ளே நடந்துபோய் நோர்வேஜிய மொழி படித்தோம். படிவத்தில் மாணவன், வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் அகதி.

இந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதியவர் ஓய்விந்த் ஃபுக்லெருட், நோர்வேக்காரர், 1999-இல் புத்தகம் வந்தது. சுவிசில் இருந்த எங்கடை ஆட்களைப் பற்றி கிறிஸ்தோபர் மக்டவல் 1996-இல் எழுதினார். ஆனால் எனக்கு நெஞ்சில் தைத்தது ஒக்ஸ்போர்டில் இருந்த நிக்கலஸ் வான் ஹியர். அவர் கேட்டது காசைப் பற்றி. ஒரே குண்டுக்குப் பயந்து ஓடினவர்கள் ஏன் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரவில்லை? எங்கடை ஒழுங்கையையே எடுங்கோ. காணி ஈடு வைக்கக்கூடிய வீட்டுப் பொடியன் கனடா. பாதிக் காசு புரட்டினவன் ஐரோப்பாவில் எங்கேயோ நடுவழியில். காசே இல்லாத குடும்பம் மன்னாரிலிருந்து படகேறி மண்டபம் முகாம். அதுவும் இல்லாதவர்கள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்தார்கள். காசு எவ்வளவு தூரம் கொண்டுபோனதோ அவ்வளவு தூரம் போனோம். வான் ஹியர் தன் கட்டுரைக்கு வைத்த தலைப்பும் இதே கருத்துத்தான்.

சரிகா திரணகமவையும் விடாதீங்கோ. யாழ்ப்பாணத் தமிழரையும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முகாம்களில் வாழ்ந்த முஸ்லிம்களையும் ஒரே புத்தகத்தில் வைத்து எழுதினவர். எங்களில் பலருக்கு இரண்டாவது பாதியை வாசிக்கக் கஷ்டமாக இருக்கும். கஷ்டப்பட்டு வாசிக்க வேண்டியதுதான்.

அகதி ஆய்வு என்ற துறைக்கே இடம் பிடித்துக் கொடுத்தவர் பார்பரா ஹாரெல்-பாண்ட். 1982-இல் ஒக்ஸ்போர்டில் அகதிகள் ஆய்வு மையத்தைத் தொடங்கினவர். தெற்கு சூடானில் இருந்த உகண்டா அகதிகளோடு வேலை செய்து, உதவி செய்ய வரும் அமைப்புகள்தான் அகதியைக் கையேந்த வைக்கின்றன என்று 1986-இல் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு சின்னக் குறை. என்னை இதுவரை நாலு பேர் பேட்டி எடுத்திருக்கினம். இரண்டு பேர் அழவும் வைத்தார்கள். ஒருவரும் எழுதினதைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டவில்லை. நீங்கள் எடுத்தால் காட்டுங்கோ.

---

ஈப்போ பால்மரம்:

உங்கள் பாட்டியின் அண்ணன் ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்தார் என்கிறீர்கள். அப்படியானால் அவரைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்திருக்க மாட்டார். உதவியோடு தோட்டக் கூலிகளை அனுப்புவதை 1938-லேயே இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. இவர் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த பிரயாணி. ஏற்கெனவே இங்கே ஒரு மாமனோ ஊர்க்காரரோ இருந்திருப்பார். 1953-ல் குடிவரவுச் சட்டம் இறுகிவிட்டது, கதவு சாத்துவதற்குள் நுழைந்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியிருக்கலாம். என் தாத்தாவும் ரஜூலாதான். தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்ததையும் கப்பல் ஆடியதையும்விடப் பக்கத்தில் வாந்தி எடுத்தவரின் பெயரைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

படிக்க வேண்டியவை: மலாயா இந்தியர்கள் எப்படி வந்தார்கள், எத்தனை பேர், எந்த வழி என்பதற்கு இன்றும் கே. எஸ். சாந்து, 1969. அவர் சீக்கியர், ஆனால் நம் ஆட்களை இவ்வளவு பொறுமையாக வேறு யாரும் எண்ணவில்லை. யாழ்ப்பாணத்துச் சின்னப்பா அரசரத்தினம் 1970-ல் எழுதியதும் உண்டு. இப்போதைய தலைமுறையில் சுனில் அம்ரித். வங்காள விரிகுடாவையே ஒரு தெருவாகப் பார்ப்பவர். 1840-லிருந்து 1940 வரை அந்தத் தெருவில் போனவர்கள், வந்தவர்கள் சுமார் 2 கோடியே 80 லட்சம் என்கிறார். இலங்கைக்கு 80 லட்சம், மலாயாவுக்கு 40 லட்சம், பர்மாவுக்கு எல்லாவற்றையும்விட அதிகம். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பியும் வந்தார்கள் என்பதை அவரைப் படித்தபிறகுதான் நான் உணர்ந்தேன். நாங்கள் திரும்பாதவர்களின் பேரன்கள், அதனால் எங்களுக்குத் தெரியவில்லை.

கப்பல் சீட்டை எண்ணுவதில் பெரிய பெயர் பிரிஜ் லால். ஃபிஜியில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவரின் பேரன். கல்கத்தாவில் கப்பலேறிய 45,439 பேரின் குடியேற்ற அனுமதிச் சீட்டுகளை எடுத்துக் கணிப்பொறியில் ஏற்றினார். பெயர், தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். ஏமாற்றிப் பிடித்துக்கொண்டு போன அறியாச் சனம் என்ற பேச்சை அதை வைத்து ஆட்டம் காண வைத்தார். நிறையப் பேர் ஃபிஜி ஏஜெண்டைப் பார்ப்பதற்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பி வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள் என்றார். கவனிக்க வேண்டியது, அவர் எண்ணியது கல்கத்தாவில் ஏறியவர்களை. 1903-லிருந்து சென்னையில் ஏறிய தெற்கத்தியர்கள் அந்த எண்ணில் இல்லை. அக்கா சொன்ன பூட்டிய வீடு மாதிரிதான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தக் கப்பல் பட்டியல்களை சுரேந்திர பானா எண்ணியிருக்கிறார்.

---

எண்ணாயிரம்:

எல்லோரும் கதை சொல்கிறீர்கள், நன்றாக இருக்கிறது. ஆனால் புலம்பெயர்வு ஆய்வில் சண்டை நடப்பது வேறு இடத்தில்.

1980-ல் கியூபாவின் மாரியேல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களில் 1,25,000 பேர் ஃபுளோரிடாவுக்குப் படகில் வந்தார்கள். மயாமியின் உழைப்பாளர் எண்ணிக்கை ஒரேயடியாக 7 சதவீதம் ஏறியது. உள்ளூர்க்காரரின் கூலி விழுந்ததா? டேவிட் கார்ட் 1990-ல் கணக்குப் பார்த்து, அநேகமாக ஒன்றும் ஆகவில்லை என்றார். 2021 நோபல் பரிசு அவருக்கு. ஜார்ஜ் போர்ஹாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. 2017-ல் அதே மயாமியை எடுத்து, பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியே பார்த்தால் கூலி நன்றாகவே விழுந்தது என்றார். போர்ஹாஸே 1962-ல் கியூபாவிலிருந்து வந்த பையன் என்பது கூடுதல் சுவாரசியம். யாரை எண்ணுகிறோம் என்பதில்தான் இந்தச் சண்டையும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

டக்ளஸ் மாஸியைச் சொல்லாமல் எப்படி? ஹோர்ஹே துராந்தோடு சேர்ந்து 1982-லிருந்து மெக்சிகோ ஊர்களில் வீடு வீடாக எடுத்தவர். ஊருக்குச் சுமார் 200 வீடு. அதே ஊர்க்காரர்களை அமெரிக்காவிலும் தேடிப் போய்க் கேட்டார்கள். அவர் காட்டியது தலைகீழ்க் கணக்கு. 1986-லிருந்து 2008-க்குள் எல்லைக் காவலுக்கான பணம் இருபது மடங்கு ஆனது. ஆவணமில்லாதவர்கள் 30 லட்சத்திலிருந்து 1 கோடியே 20 லட்சம் ஆனார்கள். முன்பு அறுவடைக்கு வந்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன், தாண்டுவது ஆபத்து, செலவு என்றானதும் திரும்பிப் போவதை நிறுத்திவிட்டு மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டான்.

சோதனை செய்து பார்த்தவர் முஷ்ஃபிக் மொபாரக். வங்கதேச ரங்க்பூரில் அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களுக்கு மோங்கா என்று பெயர். 2008-ல் குடும்பங்களுக்கு பஸ் செலவுக்கு 600 டாக்கா கொடுத்தார்கள். வெளியூர் போனவர்கள் 22 சதவீதப் புள்ளி கூடினார்கள், வீட்டில் சாப்பாடும் கூடியது. கதவு தட்டுவதோடு நிறுத்தாமல் இப்படிச் செய்து பார்த்தால்தான் காரணம் தெரியும்.

---

கதவுதட்டி:

தம்பி, மொபாரக்கை நானும் படித்தேன். அதையே பெரிதாக்கி ஏராளமான ஊர்களுக்குக் கொண்டுபோனபோது அந்தப் பலன் தெரியவில்லை, 2019-ல் நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள், அதற்காக எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான். அந்த 22-ஐயும் யாரோ ஒரு பெண் மழையில் நின்று கேட்டு எழுதியிருப்பாள்.

மக்களே, நீ எல்லாவற்றையும் எழுதி வைக்காதே. வீட்டில் கையில் கிடைக்கும் தாள் எது என்று பார். பாட்டியின் அண்ணனுக்கு இரண்டு கடிதம், அதை வைத்து ஆய்வேடு எழுத முடியாது. அப்பாவின் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது?

---

வடுவூர்க்காரி:

மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தேன், அதனால்தான் பதில் எழுதவில்லை. மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. கொக்குவில் அண்ணா, எழுதினால் கண்டிப்பாகத் திருப்பிக் காட்டுவேன்.

அப்பா இப்போது ஊரில்தான் இருக்கிறார், முழங்கால் வைத்தியத்துக்கு வந்தவர். பீரோவில் இரண்டு பாஸ்போர்ட், பழையது மூலை வெட்டியது. தரையில் உட்கார்ந்து திருச்சி ஏர்போர்ட் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதினேன். சில முத்திரையில் தேதி அழிந்திருந்தது. அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாசித்தார். இந்தத் தடவை வந்ததைச் சேர்க்காமல், 2007-லிருந்து ஒன்பது தடவை வந்திருக்கிறார். மொத்தம் 297 நாள்.

அப்புறம் பாஸ்போர்ட்டை மூடிவிட்டு அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்குத் தேதி எதுவும் வேண்டியிருக்கவில்லை. "நீ ஒண்ணாவது சேர்ந்தப்போ ஒரு தடவை. மாட்டுக் கொட்டகை கூரை மாத்தினப்போ ஒரு தடவை. தம்பிக்கு டைபாய்டு வந்தப்போ..." என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தார். எட்டு வந்தது. பாஸ்போர்ட்டில் ஒன்பது இருக்கிறதே என்றேன். எது விட்டுப்போனது என்று தேதி வைத்துப் பார்த்தால், தாத்தா இறந்தபோது அப்பா ஐந்து நாள் லீவில் வந்தது. அம்மாவுக்கு மறந்துபோகவில்லை. "அது சாவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததுல சேர்த்தி இல்லை" என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

வழிகாட்டியிடம் போனில் சொன்னேன். லீலா குலாட்டியையும் பிரெண்டா யோவையும் முதலில் படித்து முடிக்கச் சொல்லியிருக்கிறார், ஒரு பக்கம் எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். எங்கள் தெருவில் மட்டும் சிங்கப்பூர் போனவர்கள் வீடு பதினான்கு இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் பாஸ்போர்ட்டை ஒரு தடவை, வீட்டுக்காரம்மாவை ஒரு தடவை கேட்கலாம் என்று இருக்கிறேன். கதவுதட்டி அம்மா, இரண்டு எண் ஒத்துவராவிட்டால் அட்டவணையில் எதைப் போடுவது?

---

கதவுதட்டி:

இரண்டையும் போடு. பக்கத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம் விடு, அகலமாக விடு. அவர்கள் வாயில் வந்ததை அப்படியே எழுது, திருத்தாதே.

பதினான்கு வீட்டில் பூட்டியது எத்தனை?

---

வடுவூர்க்காரி:

மூன்று, அம்மா.

---

கதவுதட்டி:

சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வை.